கோயோஸ் கோயில் என்று யாராவது பணம் கேட்டால்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு கிரீஸ் போகிறோம். அறிவுக்கும் வான அச்சுக்கும் உரிய டைட்டன் (சியூஸுக்கு முந்தைய கிரேக்கத் தெய்வத் தலைமுறை) கோயோஸின் கோயிலைக் கோஸ் தீவில் காட்டுவதாக ஏஜென்ட் ஒருவர் தனிக்கட்டணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். கோயோஸுக்கென்று எழுப்பிய கோயில் எதுவும் அங்கே கண்டெடுக்கப்படவில்லை. நகரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவில் இருப்பது வைத்தியத் தெய்வம் அஸ்க்லேபியஸின் கோயில். அந்தத் தூண்களைக் காட்டி வேறு பெயர் சொன்னால் புதிதாகப் போகிறவருக்கு எப்படித் தெரியும்? 

அவர் உங்களிடம் ஒரு ரோமானியச் சான்றைக் காட்டக்கூடும். சான்று உண்மைதான், அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன். கி.பி. 53இல் கோஸ் தீவுக்கு வரிவிலக்குத் தரச் சொல்லிப் பேரரசர் கிளாடியஸ் பேசினார். அங்கே முதலில் குடியிருந்தவர்கள் கிரேக்க நகரமான ஆர்கோஸின் ஆட்கள், அல்லது அப்பல்லோ தெய்வத்தின் தாய் லேட்டோவுக்குத் தகப்பனான கோயோஸ் என்றார். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். சரி, ஏன் இந்தப் பழம்பெருமை? கிளாடியஸின் வைத்தியர் செனபோன் அந்த ஊர்க்காரர். அவர் கேட்டுக்கொண்டதற்காகவே விலக்கு என்று கிளாடியஸே கடைசியில் சொல்லிவிட்டார். கோயோஸுக்குக் கோயில் இருந்ததாக அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை.

‘அறிவுத் தெய்வம்’ என்பதும் பெயருக்குப் பொருள் தேடியவர்கள் கொடுத்த பட்டம். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹீசியட் சொல்வது பெற்றோரும், மனைவி ஃபீபியும், லேட்டோ, அஸ்டீரியா என்ற இரண்டு பெண்களும்தான். வான அச்சு வந்த வழி வேறு: லத்தீனில் எழுதிய ஹைஜினஸ், ஃபீபியின் கணவன் பெயரை போலஸ் என்கிறார். அந்தச் சொல்லுக்கு அச்சுமுனை என்று பொருள்.

கோயோஸை நினைத்துப் போவதானால் டெலோஸ் தீவுக்குப் போங்கள். தெய்வங்களின் அரசன் சியூஸிடமிருந்து தப்பிக் கடலில் குதித்த அஸ்டீரியாதான் அந்தத் தீவானாள் என்பது பழங்கதை. தங்கை மண்ணாகிக் கிடக்க, அவள்மேல் மண்டியிட்டு, பேரீச்சை மரத்தைக் கட்டிக்கொண்டு லேட்டோ அப்பல்லோவைப் பெற்றாள். பக்கத்திலிருந்த புனித ஏரியை மலேரியாவுக்காக 1925இல் வற்றவைத்துவிட்டார்கள். காய்ந்த அந்தப் பள்ளத்தின் நடுவில் இன்று ஒற்றைப் பேரீச்சை நிற்கிறது. லேட்டோவின் கோயில் அடித்தளமும் அருகிலேயே இருக்கிறது.

டெலோஸுக்குப் பக்கத்துத் தீவான மிக்கனோஸிலிருந்து படகில் அரைமணி நேரம். டெலோஸில் தங்க முடியாது, நிழலும் குறைவு, தண்ணீர் எடுத்துப்போங்கள். காற்று பலமானால் படகு ஓடாது. அதனால் மிக்கனோஸில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.