அம்பருக்குள் இருப்பது கொசுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சந்தையில் வாங்கிய அம்பர் (பழங்கால மரப்பிசின் இறுகிக் கல் போல ஆனது) பதக்கத்துக்குள் இருப்பது கொசுதானா, அது எத்தனை வருடப் பழையது என்று கேட்டிருக்கிறீர்கள். கொசுவாக இருக்க வாய்ப்பு குறைவு. அம்பரில் கொசு அபூர்வம்.

எனக்கும் ஜார்ஜ்டவுனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பால்டிக் அம்பர், உள்ளே கொசு என்று சொல்லித்தான் விற்றார்கள். வீட்டுக்கு வந்து அதன்மேல் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டால் மூடினேன். கீறல்கள் மறைந்து பூச்சி பளிச்சென்று தெரிந்தது. பத்து மடங்கு லென்ஸ் போதும்.

முதலில் சிறகை எண்ணுங்கள். தேனீ, குளவி என்றால் நான்கு. என்னுடையதற்கு இரண்டுதான், பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி மாதிரி இரண்டு குமிழ்கள். அப்படியானால் ஈயும் கொசுவும் சேர்ந்த டிப்டெரா வரிசை. கொசுவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் இருக்கும், சிறகு நரம்புகளில் செதில் இருக்கும். இதற்கு இரண்டும் இல்லை. அப்புறம்தான் சிறகின் நடுவில் ஒரு நரம்பு இசைக்கவை போல இரண்டாகப் பிரிவதைப் பார்த்தேன். உணர்கொம்புகளுக்கு மேலே இரண்டு கண்களும் மெல்லிய பாலம் போட்டது போலச் சேர்ந்திருந்தன. இந்த இரண்டும் சேர்ந்தால் ஸியாரிடே குடும்பம். அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் குபீரென்று கிளம்புமே சின்னக் கறுப்புப் பூச்சி, அதன் சொந்தக்காரன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

லென்ஸை வைத்துக்கொண்டு குடும்பம் வரை போகலாம். இனம் சொல்ல ஆண் பூச்சியின் வால்நுனி உறுப்புகளைப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் அதற்கு மைக்ரோ சிடி என்னும் நுண்ணிய எக்ஸ்ரே ஸ்கேன்கூட எடுக்கிறார்கள்.

வயதைப் பூச்சி சொல்லாது, அம்பர் கிடைத்த இடம்தான் சொல்லும். டொமினிக்கன் அம்பர் சுமார் 1.5 முதல் 2 கோடி வருடம், பால்டிக் சுமார் 3.4 முதல் 4.8 கோடி. மியன்மாரின் கச்சின் அம்பர் கிட்டத்தட்ட 9.9 கோடி, அதைச் சூழ்ந்த பாறையிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். மலேசியாவின் சரவாக்கிலும் நிலக்கரிச் சுரங்கத்தில் அம்பர் கிடைத்திருக்கிறது, நம் சாமியறைக் குங்கிலியம் தரும் மரத்தின் குடும்பத்திலிருந்து வந்தது. அதனால் எங்கே கிடைத்தது என்று விற்றவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பூச்சி இன்றைய இனம் ஒன்றோடு அச்சு அசலாகப் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1922இல் வாங்கிய பால்டிக் அம்பரில் ஓர் ஈ இருந்தது. 1966இல் பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக் அதை, இன்றும் கழிவறைப் பக்கம் திரிகிற ஃபானியா ஸ்கலாரிஸ் என்று அடையாளம் கண்டார். அடையாளம் சரிதான், அம்பர்தான் ஏமாற்றியது. 1993இல் ஆண்ட்ரூ ராஸ் என்ற ஆய்வாளர் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது விளக்கின் சூட்டில் ஈயைச் சுற்றி விரிசல் விட்டது. யாரோ அம்பரை இரண்டாக வெட்டி, குடைந்து, ஈயை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

கோபால் எனப்படும் இளம் பிசினையும் அம்பர் என்று விற்பார்கள். ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் கோபால். பூச்சிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

சரி, சிறகு நரம்பு தெரிகிற மாதிரி பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு ஒரு படம் எடுத்துப் போடுங்கள். விளக்கை ரொம்ப நெருக்கி வைக்காதீர்கள், சூடு பட்டால் அசல் அம்பரும் விரிசல் விடும்.