மங்கும் ஓரங்கள்: பின்னணி நீக்கம் பற்றி வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் படத்தின் ஓரத்தைப் பற்றியவை. கூர்மையான ஓரம் உள்ள படத்தின் பின்னணியைத் தொலைபேசிச் செயலியே நீக்கிவிடும். பென்சில் நிழல், தலைமயிர், புகை, பழைய படங்களின் மங்கல் வளையம் என்று வரும்போதுதான் கை தடுமாறுகிறது. இலவசமாகக் கிடைப்பதால் பதில்கள் பெரும்பாலும் ‘கிம்ப்’ மென்பொருளை வைத்தே தரப்படுகின்றன. போட்டோஷொப்பில் வழி வேறானால் அதுவும் சொல்லப்பட்டிருக்கிறது.

கேள்வி: பாடசாலைச் சஞ்சிகை அட்டைக்கு மாணவி ஒருவர் பென்சிலால் வரைந்த இரணைமடுக் குளத்தைப் போடுகிறோம். அட்டை செம்மண் நிறம். ஒரே நிறப் பகுதியைத் தெரிவு செய்யும் மஜிக் வான்டால் தாளை நீக்கினால் கோடுகளைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்கிறது. அது எடுக்கும் நிற அளவைக் கூட்டினால் வானத்து நிழலே போய்விடுகிறது. (ஆசிரியை, கிளிநொச்சி)

மஜிக் வான்ட் படத்தின் ஒரு புள்ளியை (பிக்செலை) முழுதாக எடுக்கும் அல்லது முழுதாக விடும். மெல்லிய பென்சில் நிழலில் இருக்கும் புள்ளியோ பாதி பென்சில், பாதி தாள். தேநீரில் கலந்த பாலைக் கரண்டியால் அள்ள முடியாதது போல, அந்தத் தாளின் வெள்ளையைத் தெரிவுக் கருவியால் பிரிக்க முடியாது.

கணக்காகவே பாருங்கள். தாளின் வெள்ளை 255, பென்சிலின் கறுப்பு 0 என்று வைப்போம். கால்பங்கு பென்சில் படிந்த புள்ளி 191 ஆகிய சாம்பலாக வரும். உங்கள் அட்டை நிறம் சிவப்பு 200, பச்சை 110, நீலம் 70 என்றால், அந்தப் புள்ளி அட்டையில் 150, 83, 53 என்று, அதாவது சற்றே கறுத்த செம்மண்ணாகத் தெரிய வேண்டும். வான்ட் அதை 191, 191, 191 ஆகவே விட்டுவிடுகிறது. நீங்கள் காணும் வளையம் அதுதான்.

வேண்டியது ‘கலர் டு அல்பா’. அது ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு வெள்ளை கலந்திருக்கிறதோ அவ்வளவையும் ஒளிபுகும் தன்மையாக மாற்றி, மிச்சத்தைச் சுத்தப் பென்சில் நிறமாக விடும்.

அச்சிடும் அளவிலேயே என்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), பெருப்பிப்பதென்றால் 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள். பிஎன்ஜி அல்லது டிஃப் ஆகச் சேமியுங்கள். ஜேபெக் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாக்கிச் சுருக்குவதால் கோடுகளைச் சுற்றி மெல்லிய அழுக்கு விழும். வெள்ளைத் தாளில் அது கண்ணுக்குப் படாது, தாளை நீக்கியதும் வெளியே வரும்.

அடுத்து ‘டீசச்சுரேட்’ கொடுத்து மஞ்சள் சாயலை எடுத்துவிட்டு, ‘லெவல்ஸ்’ (கறுப்பு வெள்ளை அளவைத் திருத்தும் கருவி) திறவுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஸ்கான் செய்த தாள் 255 ஆக வருவதில்லை, பெரும்பாலும் 225 முதல் 245 வரை நிற்கும். அப்படியே பின்னணியை நீக்கினால் படம் முழுக்க ஒரு மெல்லிய சாம்பல் திரை மிஞ்சும். லெவல்ஸில் தெரியும் வரைபின் வலது பக்கம் நிற்கும் பெரிய மேடுதான் தாள். வெள்ளை முக்கோணத்தை அந்த மேட்டின் இடது அடிவாரம் வரை மட்டும் நகர்த்துங்கள். அதற்கும் உள்ளே போனால் மாணவியின் மெல்லிய கோடுகள் முதலில் சாகும்.

இப்போது ‘கலர்ஸ்’ பட்டியலில் ‘கலர் டு அல்பா’, நிறம் வெள்ளை. கீழே செம்மண் நிறத்தில் ஒரு லேயர் (தனி அடுக்கு) வைத்து, 100 வீத அளவில் பாருங்கள். தாளின் சொரசொரப்பு இன்னும் தெரிந்தால் ‘ட்ரான்ஸ்பேரன்சி த்ரெஷோல்ட்’டை 0.03 அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். படம் வெளிறியதாகத் தோன்றினால் லேயரைப் பிரதியெடுத்து அதன் மேலேயே வையுங்கள், நிழல் கனக்கும்.

போட்டோஷொப்பில், சனல் (சிவப்பு, பச்சை, நீல நிறப் பிரிவு) பட்டியலின் ஆர்ஜிபி சிறுபடத்தை கன்ட்ரோல் விசையுடன் சொடுக்குங்கள். வந்த தெரிவைத் தலைகீழாக்கி, புதிய லேயரில் கறுப்பு நிரப்புங்கள். அதே பலன்தான்.

அட்டையை இன்னும் கடும் நிறத்துக்கு மாற்ற வேண்டாம். பென்சில் நிழல் அதில் காணாமல் போகும். பென்சில் நிறத்தை வெள்ளையாக மாற்றலாமென்று நினைத்தால், நிழல் ஒளியாகவும் ஒளி நிழலாகவும் திரும்பி நெகட்டிவ் போல ஆகிவிடும்.

கேள்வி: அதே முறையை வெள்ளைச் சேட்டும் திருநீறுமாக இருக்கும் பெரியவரின் படத்தில் செய்தேன். சேட்டுக்குள்ளால் பின்னணி தெரிகிறது. (வாசகர், நெடுங்கேணி)

எங்கே வெள்ளை இருந்தாலும் ‘கலர் டு அல்பா’ கரைக்கும், சேட்டென்றும் சுவரென்றும் அதற்குத் தெரியாது. தொடங்கும் முன் லேயரை இரண்டாக்குங்கள். மேல் லேயரில் ‘கலர் டு அல்பா’. கீழ் லேயரில் ஆளின் உருவத்தை ஃப்ரீ செலக்டால் சுற்றித் தெரிவு செய்து, தெரிவை 4 அல்லது 5 புள்ளி உள்ளே சுருக்கி, 2 புள்ளி ஃபெதர் (ஓர மங்கல்) கொடுத்து மாஸ்க் (வெளிப்பகுதியை மறைக்கும் திரை) ஆக்குங்கள். உடம்பு கீழ் லேயரிலிருந்தும் ஓரம் மேல் லேயரிலிருந்தும் வரும்.

கேள்வி: அப்பப்பாவின் ஒரேயொரு படம், இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் பையோடு வந்து தப்பியது. பழைய ஸ்ரூடியோப் படம், முகத்தைச் சுற்றி முட்டை வடிவில் மங்கி வெள்ளையாகிறது. அந்த வெள்ளை இப்போது மஞ்சளும் நீர்க்கறையும். கல்வெட்டில் (நினைவு மலரில்) போட வேண்டும். (வாசகி, புதுக்குடியிருப்பு)

முதலில் படத்தைக் காப்பாற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்கவே வேண்டாம், முகத்தின் மேற்படை கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து அப்படியே ஸ்கான் செய்யலாம். 600 டிபிஐ, நிறத்தில். கறுப்பு வெள்ளைப் படமென்றாலும் நிறத்தில் எடுங்கள். கறை மஞ்சளானதால் அது நீலச் சனலில் அழுத்தமாகவும் சிவப்புச் சனலில் மிக மெல்லியதாகவும் தெரியும். கிம்பில் ‘டீகம்போஸ்’ கொடுத்துச் சிவப்புச் சனலை மட்டும் எடுத்தால் கறையின் பெரும்பகுதி தானாகவே குறையும். முதல் ஸ்கானைத் தொடாமல் இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுப் பிரதியில் வேலை செய்யுங்கள்.

இனிக் கல்வெட்டின் பக்கம் வெள்ளைத் தாளா என்று பாருங்கள். ஆம் என்றால் பின்னணியை நீக்கவே தேவையில்லை. லெவல்ஸால் ஓரத்தை வெள்ளையாக்கினால் மங்கல் தானாகவே தாளில் கலக்கும். பக்கத்துக்கு மெல்லிய நிறம் கொடுத்திருந்தால் படத்தின் லேயருக்குக் கலப்பு முறையை ‘மல்டிபிளை’ ஆக்குங்கள். முகமும் அந்த நிறத்தைச் சற்றே வாங்கும், வெளிர் நிறமென்றால் உறுத்தாது.

பக்கம் கடும் நிறமென்றால் பழைய மங்கலை மீட்கப் பாடுபடாதீர்கள். கறை இடத்துக்கிடம் மாறுவதால் நீக்குவதற்கு ஒரு தனி நிறம் அங்கே இல்லை. அந்த மங்கல் ஸ்ரூடியோவில் செய்யப்பட்டது, அதையே புதிதாகச் செய்துவிடலாம். எலிப்ஸ் கருவியால் முகத்தையும் தோளையும் சுற்றி முட்டை வடிவம் போடுங்கள். 600 டிபிஐயில் ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ 236 புள்ளி. அரை சென்ரிமீற்றர் மங்கலுக்கு ஃபெதர் 120 அளவில் போதும். அந்தத் தெரிவை மாஸ்க் ஆக்குங்கள். ஃபெதர் கோட்டின் இரு பக்கமும் பரவும், ஆகவே முட்டை வடிவத்தைப் பழைய மங்கல் தொடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளேயே போடுங்கள். வெளியே போட்டால் பழைய தாளின் வெள்ளை ஒரு வளையமாக மிஞ்சும்.

முகத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் கொடுத்துத் ‘தெளிவாக்குவதில்’ கவனம் வேண்டும். அவை கண்ணையும் வாயையும் ஊகித்து வரையும், வருவது வேறொருவரின் முகமாக இருக்கலாம். ஒரே படமாக இருக்கும்போது அந்த மங்கிய உண்மை முகமே பெறுமதியானது.

கேள்வி: நீலத் துணிக்கு முன்னால் எடுத்த மணமகள் படம். பின்னணியை மாற்றினால் முடியோரம் நீலமாக இருக்கிறது. (ஸ்ரூடியோ நடத்துபவர், வவுனியா)

போட்டோஷொப் என்றால் ‘செலக்ட் அன்ட் மாஸ்க்’ உள்ளே முடியோரத்தை மட்டும் ‘ரிஃபைன் எட்ஜ்’ பிரஷால் தடவி, ‘டீகன்டாமினேட் கலர்ஸ்’ குறியிடுங்கள். அது புள்ளிகளின் நிறத்தையே மாற்றுவதால் விளைவைப் புதிய லேயராகத்தான் தரும். கிம்பில் ‘ஃபோர்கிரவுண்ட் செலக்ட்’ கருவியில் ‘மாட்டிங் லெவின்’ முடிக்கு நல்லது, ஆனால் நேரம் எடுக்கும்.

மிஞ்சும் நீலத்துக்குக் கைவேலையே நிச்சயமான வழி. மாஸ்க்கை லேயரோடு சேர்த்துவிட்டு ‘லொக் அல்பா’ போடுங்கள். ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் முடியின் நிறத்தை எடுத்து, மென்மையான பிரஷால் நீல ஓரத்தின் மேல் பூசுங்கள். ஒளிபுகும் அளவு அப்படியே நிற்கும், நிறம் மட்டும் மாறும். மாஸ்க்கைச் சேர்க்காமல் செய்தால் பூட்டு மாஸ்க்குக்குப் பொருந்தாது, மறைந்திருக்கும் பகுதியிலும் பூச்சு விழும். அடுத்த முறை மணமகளைத் துணியிலிருந்து ஒன்றரை மீற்றராவது முன்னால் நிற்க விடுங்கள், நீலம் முடியில் தெறிப்பது குறையும்.

கேள்வி: வற்றாப்பளை கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலில் எடுத்த படத்தில் கற்பூரப் புகையை மட்டும் வேறு படத்தில் சேர்க்க முடியுமா? (வாசகர், முள்ளியவளை)

இரவில் கருமையான பின்னணியில் எழும் புகையென்றால் முடியும், வெட்டவே தேவையில்லை. லேயரின் கலப்பு முறையை ‘ஸ்க்ரீன்’ ஆக்குங்கள், கறுப்பு மறைந்துவிடும். பின்னணி முழுக் கறுப்பாக இல்லாவிட்டால் படத்தின் சட்டம் நீள்சதுரமாகத் தெரியும். அப்போது லெவல்ஸில் கறுப்பு முக்கோணத்தை உள்ளே தள்ளுங்கள். பகலில் மரங்களுக்கு முன்னால் எடுத்த புகை என்றால் விட்டுவிடுங்கள். இலையின் நிறம் புகைக்குள் புள்ளிக்குப் புள்ளி மாறும். புகையை வைக்கப்போகும் படமும் இருண்டதாக இருக்க வேண்டும், வெள்ளை மேல் வெண்புகை தெரியாது.

கேள்வி: விளையாட்டுக் கழக ரீசேட்டுக்கு ஓரம் மங்கும் சின்னம் கொடுத்தோம். கறுப்பு ரீசேட்டில் ஓரம் வெள்ளையாக வந்து கழுவியதும் உரிந்தது. (மல்லாவி)

டிடிஎஃப் அச்சில் (படலத்தில் அடித்துச் சூட்டால் துணியில் ஒட்டும் முறை) நிறத்தோடு வெள்ளை மையும் ஒரு படையாக அடிக்கப்படும். பாதி ஒளிபுகும் இடங்களில் அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும். மை மெலிந்த இடத்தில் ஒட்டும் தூளும் சரியாகப் பிடிக்காது, அதனால் உரியும். இங்கே மங்கல் ஓரத்தையே தவிருங்கள். ‘த்ரெஷோல்ட் அல்பா’ கொடுத்து ஓரத்தைக் கூர்மையாக்குங்கள். மங்கல் கட்டாயம் வேண்டுமென்றால் மாஸ்க்கை ‘நியூஸ்பிரின்ட்’ வடிகட்டியால் புள்ளிகளாக்குங்கள். ஒவ்வொரு புள்ளியும் முழு மையாக இருக்கும், தூர நின்று பார்க்கக் கண் அதை மங்கலாகக் காணும். மிகச் சிறிய புள்ளிகள் ஒட்டாது, ஒரு துண்டில் அடித்துக் கழுவிப் பார்த்துவிட்டு முழு ஓடரையும் கொடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்து வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பினால் பின்னணி கறுப்பாகப் போகிறது. (மாங்குளம்)

படமாக அனுப்பினால் அது ஜேபெக் ஆகிவிடும், ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மையே இல்லை. பிஎன்ஜி ஆகச் சேமித்து, ‘டொக்கியுமன்ட்’ என்ற வழியால் அனுப்புங்கள். ஜிஃப் வேண்டாம், அதில் ஒரு புள்ளி முழுக்கத் தெரியும் அல்லது முழுக்க மறையும். பிஎன்ஜியில் 0 முதல் 255 வரை படிகள் உண்டு. லேயர்களுடன் கூடிய, கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பை உங்களிடமே வைத்திருங்கள், அச்சகம் திருத்தம் கேட்டால் அதிலிருந்துதான் செய்ய வேண்டும்.