கொக்கிக்கு என்ன விலை? கத்திக்கு என்ன சோதனை?

இந்த முறை வந்தவற்றில் நான்கு கேள்விகள் இரும்பைப் பற்றியவை. ஒருவர் அடித்து விற்கப் போகிறார், மற்ற மூவரும் வாங்குகிறவர்கள். சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டம். தாத்தா தோட்டத்துப் பட்டறையில் கொல்லராக இருந்தவர். அவருடைய பட்டடை, சம்மட்டி, குறடு எல்லாம் வீட்டில் கிடக்கின்றன. எனக்கு வெல்டிங் தெரியும். கொக்கி, போத்தல் திறப்பான் மாதிரி சின்னச் சாமான் அடித்து எல்ல ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர் வரும் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று யோசனை. மாதிரிக்குக் கொண்டுபோன கொக்கியை ஒரு கடைக்காரர் 100 ரூபாய்க்குக் கேட்கிறார். "அதில் என்ன இரும்பு இருக்கிறது?" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. ஆனால் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. 8 மில்லிமீற்றர் கம்பி ஒரு மீற்றர் ஏறக்குறைய 395 கிராம். ஒரு கொக்கிக்கு 20 சென்ரிமீற்றர் போனால் 80 கிராம்கூட இல்லை. அவர் அந்த 80 கிராமைத்தான் பார்க்கிறார். நுனியைக் காய்ச்சிக் கூராக இழுக்க ஒரு சூடு, சுருட்ட ஒரு சூடு, பட்டடைக் கொம்பில் வளைக்க ஒரு சூடு, மறுமுனையைத் தட்டையாக்கி ஆணி ஓட்டை குத்த இன்னும் ஒன்றோ இரண்டோ. அதை அவர் பார்க்கவில்லை.

ஒரு நாள் கணக்கெழுதிப் பாருங்கள். உலை மூட்டியது முதல் மெழுகு தேய்த்துக் கட்டி வைக்கும்வரை 20 கொக்கி முடிகிறது என்று வைப்போம். உங்கள் உழைப்புக்கு 3,000 ரூபாய், கரி, கம்பி, மெழுகுக்கு 1,000 என்றால் கொக்கி ஒன்று உங்கள் கைக்கே 200 ஆகிறது. கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் அவர் 300க்கு விற்க வேண்டும். 100க்குக் கொடுத்தால் நாள் முழுக்க அடித்து 2,000. செலவு போக மிச்சம் 1,000. 2024 இல் வர்த்தமானியில் வந்த தோட்டத்துச் சம்பளமே 1,350. உங்கள் வேலைக்கு நீங்களே அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுக்கொண்ட மாதிரி. என் 3,000ஐ அப்படியே எடுக்க வேண்டாம், உங்கள் எண்ணைப் போடுங்கள். ஆனால் உழைப்பு என்ற வரியை வெறுமையாக விடாதீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் கம்பி விலையையும் கரி விலையையும் எழுதிவிட்டு அந்த வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

எல்லவை மட்டும் நம்புவானேன் என்றும் ஒரு யோசனை. நுவரெலியாவில் கணப்படுப்பு வைத்த பழைய பங்களாக்கள் எத்தனை விடுதிகளாகிவிட்டன! நெருப்புக் கிண்டும் கம்பி, விறகுக் கரண்டி, மழைக்கோட்டு மாட்டக் கனமான சுவர்க் கொக்கி, கதவுக்கு நாதாங்கி எல்லாம் அவர்களுக்கு வேண்டும். சுற்றுலாப் பயணி ஒரு கொக்கி வாங்குவார், விடுதிக்காரர் ஒரே அளவில் இருபது கேட்பார். அப்போதுதான் கை நிதானம் வெளியே தெரியும். மாதிரி ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் அதோடு ஒட்டிப் பார்த்து அடியுங்கள்.

கொக்கிக்குச் சாதாரணக் கம்பி போதும், தோய்ச்சல் (காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தி இறுக்குவது) தேவையில்லை. முடித்த சாமான் செம்மை போய்க் கருத்து, மெழுகு பட்டால் உருகி லேசாகப் புகையும் சூட்டில் இருக்கும்போது தேன்மெழுகைத் தேயுங்கள். மலைநாட்டு ஈரத்துக்குப் பெயின்டை விட அது எனக்குப் பிடிக்கும். துரு வந்தாலும் வாங்கினவரே மறுபடி தேய்த்துக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பழைய தண்ணீர்க் குழாய், கூரைத் தகரம் என்று நாகம் (துத்தநாகம்) பூசிய எதையும் உலையில் வைக்காதீர்கள். நாகம் 907 பாகையில் கொதித்து வெள்ளைப் புகையாகிவிடும், உங்கள் உலை அதைத் தாண்டித்தான் எரிகிறது. என் மாமா ஒருவர் "சும்மா கிடக்கிற குழாய்தானே" என்று காய்ச்சினார். அன்று பொழுதுசாய்ந்ததும் குளிர் நடுக்கமும் காய்ச்சலும். இரவு முழுக்க வீட்டார் கசாயம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், குழாயின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உலையை லயத்து வாசலில் போடுவதும் வேண்டாம். ஒரே கூரையின் கீழ் இருக்கிற அடுத்த வீட்டுக்காரர் புகையையும் சத்தத்தையும் எத்தனை நாள் பொறுப்பார்?

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து ஒரு பில் புத்தகம் அடித்துக்கொள்ளுங்கள். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதியவும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கம்பளையில் இரண்டு ஏக்கர் தேயிலை. கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடும் கத்தி) நான்கு வாங்க வேண்டும். கம்பனி முத்திரை போட்டதா, லொறி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்ததா? விற்பவர் காந்தத்தை ஒட்டிக் காட்டி "அசல் உருக்கு" என்கிறார்.

பதில்: காந்தம் ஆணியிலும் ஒட்டும், தகர டப்பாவிலும் ஒட்டும். அந்தக் காட்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். காந்தத்துக்கு வேலை கொல்லரிடம்தான். இரும்பு 770 பாகை அளவுக்குக் காய்ந்ததும் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே போனதும் தோய்க்க வேண்டும் என்பது அவருக்கு அடையாளம்.

ஸ்பிரிங் பட்டை நல்ல பொருள். அதில் நூற்றுக்கு அரைப் பங்கிலிருந்து 0.6 வரை கரி (காபன்) இருக்கும், தோய்த்தால் இறுகும். சாதாரணக் கம்பியில் அதில் பாதிகூட இராது, எப்படித் தோய்த்தாலும் வாய் (வெட்டும் ஓரம்) நிற்காது. பழைய இரும்புக் கடைப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம் என்பதுதான் குறை. கத்தியை நூலில் தொங்கவிட்டு ஆணியால் தட்டுங்கள். மணி போல நீளமாக ஒலித்தால் சரி, செத்த சத்தம் கேட்டால் கீழே வையுங்கள். கைப்பிடி ஆட்டம் கண்டிருந்தாலும் அதே செத்த சத்தம் வரும், அதையும் பாருங்கள்.

பிறகு அரம். பண்டாரவளைச் சந்தையில் ஒரு முதியவர் கத்தி வாங்கியதை நின்று பார்த்தேன். விலை கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து விரல் நீள அரத்தை எடுத்து, வாயின் ஓரத்தில் ஒரே ஒரு இழுப்பு. முதல் கத்தியில் அரம் கருப்பட்டி சீவுவது போல இறங்கியது, வைத்துவிட்டார். இரண்டாவதில் கிரீச்சென்று வழுக்கியது, அதையும் வைத்துவிட்டார். மூன்றாவதில் அரம் கொஞ்சம் பிடித்தது, கொஞ்சம் வழுக்கியது. அதற்குப் பிறகுதான் விலை கேட்டார். முழுக்க வழுக்குகிற கத்தி கண்ணாடி மாதிரி. தேயிலைத் தண்டின் கணுவில் பட்டால் சில்லு தெறிக்கும்.

கொல்லர் பட்டறைக்கே போகமுடிந்தால், அதே பட்டையின் ஒரு துண்டைக் கிரைண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். மெதுவிரும்பில் பொறி நீளக் கோடாகப் போகும். கரி கூடியதில் கம்பி மத்தாப்பு மாதிரி பூத்துப் பூத்துச் சிதறும்.

நான்கையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். ஒன்றை வாங்கி ஒரு கிழமை கவ்வாத்து வெட்டிப் பாருங்கள். வாய் மழுங்கிய கத்தி தண்டை வெட்டாமல் பிளக்கும், பிளந்த இடத்தில் தண்ணீர் தங்கி மரம் அழுகும். கத்தியில் மிச்சம் பிடித்த காசு செடியில் போய்விடும். முத்திரைக் கத்தி மோசமில்லை, ஆனால் மழுங்கி வளைந்தால் சரிபார்க்க ஆள் கிடையாது. கொல்லர் கம்பளைச் சுற்றுவட்டத்தில்தானே இருப்பார்? அதனால் என் கை அவர் பக்கமே சாயும்.

(இடையில் ஒரு செய்தி: பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ மலைச்சரிவுகளில், ஆயிரம் வருடங்களுக்கும் முன்னால், துருத்தியே இல்லாமல் பருவக்காற்றைக் கொண்டே உலை ஊதி இரும்பு எடுத்திருக்கிறார்கள். 1996 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அந்த ஆய்வு வந்தது. அதே மாதிரி உலை கட்டி ஊதிப் பார்த்ததில் உருக்கும் கிடைத்ததாம்.)

கேள்வி: பசறையிலிருந்து எழுதுகிறேன், ஐயா. சந்தையில் வாங்கிய சமையல் கத்தி, பூசணிக்காய் வெட்டிய முதல் கிழமையிலேயே வாய் பல் பல்லாக உதிர்ந்துவிட்டது. விற்றவர் "நீங்கள் எலும்பு வெட்டியிருப்பீர்கள்" என்கிறார். பில் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: உதிர்ந்தது என்றால் இரும்பு மட்டமாக இருக்காதம்மா, வேலை பாதியில் நின்றிருக்கிறது. காய்ச்சித் தோய்த்ததும் கத்தி அளவுக்கு மீறி இறுகும். அதை மறுபடி மெல்லச் சூடாக்கி இறுக்கத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அலகைப் பளபளவென்று தேய்த்து, முதுகைக் காய்ந்த இரும்பின் மேல் வைத்தால் நிறம் வாயை நோக்கி ஓடிவரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், பிறகு ஊதா, நீலம். வாயில் மஞ்சள் தவிடாகும்போது நிறுத்த வேண்டும். அவசரக் கொல்லர் இதைத்தான் விட்டுவிடுவார். ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்க்காமல் பச்சைத் தண்ணீரில் போட்டாலும் மயிரிழை வெடிப்பு வரும்.

ஆகவே பணத்தைக் கேட்கும் முன் கத்தியைக் கொண்டுபோய், "நிறம் இறக்கித் தாருங்கள், வாயைத் தீட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் அந்தச் சொல்லைக் கேட்டதும் எலும்புக் கதையை விட்டுவிடுவார். வெடிப்பு இருந்தால் திருத்த முடியாது, வேறு கத்தி கேளுங்கள்.

மசியவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். போனில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். வாடிக்கையாளர் கேட்டால் பில் கொடுப்பது வியாபாரியின் கடமை, அதுவும் அந்தச் சட்டத்திலேயே உண்டு. உங்களிடம் இல்லாததால் வழி கொஞ்சம் கரடுமுரடாகும். கத்தியின் படம், வாங்கிய திகதி, கூட வந்தவர் யார் என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள். அடுத்த தடவை துண்டுத் தாளிலாவது "ஸ்பிரிங் பட்டைக் கத்தி" என்று எழுதி வாங்குங்கள். அப்படி எழுதக் கை கூசுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: நுவரெலியா. கொல்லர் அடித்த இரும்பு ரொட்டிக்கல் வாங்கினேன். கழுவி வைத்தால் விடிவதற்குள் துரு. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. துருப்பிடிப்பதே அது பூச்சில்லாத இரும்பு என்பதற்குச் சாட்சி. சவர்க்காரம் போட்டுத் துருவை ஒருமுறை முழுக்கத் தேய்த்தெடுங்கள். அடுப்பில் நன்றாகக் காயவைத்து, மிக மெல்லிதாக எண்ணெய் பூசி, புகை அடங்கும்வரை காய்ச்சுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் கல் கருக்கும். எண்ணெய் கூடினால் பிசுபிசுக்கும், துணியால் துடைத்தெடுத்த பிறகு மிஞ்சுவதே போதும். அதன் பிறகு கழுவிய கல்லைக் கவிழ்த்து வைக்காமல் அடுப்பிலேயே உலர்த்துங்கள். முதல் இரண்டு ரொட்டி ஒட்டிக்கொண்டு வரும், மூன்றாவதிலிருந்து வீட்டுக்காரருக்குப் பரிமாறலாம்.