பழைய டெலி லென்ஸ், புதிய மிரர்லெஸ்: விளையாட்டுப் படக்காரர்களின் கேள்விகள்

தூரத்தைக் கிட்டே காட்டும் பழைய டெலி லென்ஸைப் புதிய மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராவில் போடுவது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் பாடியின், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவின், பெயரே இல்லை. "என் கேமராவுக்கு இந்த லென்ஸ் சேருமா?" என்று மட்டும் கேட்டால் நான் என்ன சொல்ல? பாடி, அடாப்டர் (பழைய லென்ஸைப் புதிய பாடியில் பொருத்தும் வளையம்), லென்ஸ் மேல் அச்சடித்திருக்கும் அத்தனை எழுத்துகள், மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

கேனான் ஆர்10-இல் பழைய இஎஃப் 300 எஃப்4 ஐஎஸ் (300 மி.மீ. டெலி லென்ஸ்) போட்டுக் கபடி எடுக்கலாமா? (பாலக்கோடு)

பகலில் எடுக்கலாம். கேனானின் சொந்த அடாப்டர் போதும். அதன் சாதாரண வகைக்குள் லென்ஸ் கண்ணாடியே கிடையாது, ஃபோகஸ் நன்றாக ஓடும். ஆனால் ஆர்10-இன் சென்சார் சிறியது, அதில் 300 என்பது 480 மாதிரி நெருக்கிக் காட்டும். கபடிக் களம் 13 மீட்டர்தான். கோட்டருகே உட்கார்ந்தால் ரெய்டரின் முகம் வரும், காலைப் பிடிக்கிற கை வராது. 70-200 ஜூம் தேடுங்கள். வாங்கும் முன் லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, ஷட்டர் வேகம் 1/200 நொடி போதாதா? (ஊத்தங்கரை)

போதாது. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும். ஓடுகிறவர் கால் நிற்காது. 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

நிகான் இசட்6-க்காக 80-200 எஃப்2.8 டி வாங்கினேன். எஃப்டிஇசட் அடாப்டர் போட்டும் ஃபோகஸ் ஓடவில்லை. அடாப்டர் பழுதா? (ஓசூர்)

அடாப்டர் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் லென்ஸுக்குள் மோட்டார் இல்லை.

மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. 1986-இல் எஃப்-501 வந்தபோது நிகான் மோட்டாரை பாடிக்குள் வைத்தது. மவுண்டில் (லென்ஸ் பொருந்தும் வாயில்) நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் திருகு முனைதான் லென்ஸைச் சுழற்றும். மறு வருஷமே கேனான் மவுண்டையே மாற்றி, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் ஒரு மோட்டாரை வைத்துவிட்டது. பழைய மவுண்டை நம்பியிருந்தவர்கள் அன்று திட்டினார்கள்; அந்த லென்ஸ்கள்தான் இன்று மிரர்லெஸ்ஸில் சிக்கலில்லாமல் ஓடுகின்றன. எஃப்டிஇசட், அதற்கு அடுத்து வந்த எஃப்டிஇசட் 2, இரண்டிலும் திருகு மோட்டார் கிடையாது. லென்ஸில் ஏஎஃப்-எஸ் (உள்ளேயே மோட்டார் உள்ள வகை) என்று எழுதியிருந்தால் ஓடும். வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டி என்றால் கையால் திருப்ப வேண்டியதுதான்.

எனக்கும் ஒரு கடையில் "எல்லா நிகானுக்கும் ஓடும் சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். திருப்பி எடுக்கவில்லை. விற்கிறவர் சொல்வதை நம்பாதீர்கள். லென்ஸைத் திருப்பி மவுண்ட் வளையத்தைப் பாருங்கள். ஸ்குரூ டிரைவர் நுழைகிற மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தால் அது திருகு லென்ஸ். பத்து விநாடி வேலை, பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

வாங்கியதை வீசிவிட வேண்டாம். அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை), மீட்டர் (ஒளி அளவி) எல்லாம் வேலை செய்யும். நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் மாதிரி ஆள் எங்கே வருவார் என்று முன்பே தெரிகிற போட்டிகளுக்குப் பீக்கிங் (ஃபோகஸ் ஆன விளிம்புகளை நிறத்தில் காட்டும் வசதி) போட்டு எடுங்கள், அருமையாக வரும். சோனிக்காரர்களுக்கு: சோனிக்கு முந்தைய மினோல்டா காலத்துத் திருகு லென்ஸுக்கு எல்ஏ-இஏ5 அடாப்டரில் மோட்டார் உண்டு. ஆனால் சில பாடிகளில்தான் அது சுழலும், பட்டியல் பார்த்து வாங்குங்கள்.

எருது விடும் விழாவுக்கு எம்42 (திருகி மாட்டும் பழைய வகை) 135 மேனுவல் லென்ஸ் உதவுமா? (காவேரிப்பட்டணம்)

தாராளமாக. பாதையில் ஒரு கல்லையோ சுண்ணாம்புக் கோட்டையோ குறிவைத்து ஃபோகஸை அங்கேயே நிறுத்துங்கள். எஃப்5.6, 1/1600. மாடு அந்த இடத்தைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்பே தொடர் ஷாட்டை அழுத்துங்கள். கோட்டைத் தொட்ட பிறகு அழுத்தினால் வால்தான் கிடைக்கும். இந்த லென்ஸைப் பாடிக்கு அடையாளம் தெரியாது, அதனால் மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' ஆன், ஸ்டெபிலைசேஷனுக்கு 135 என்று பதிவு. புழுதியில் லென்ஸ் கழற்றவே கூடாது. இழுத்துத் தள்ளும் பழைய ஜூம்களை அங்கே கொண்டுபோகாதீர்கள், காற்றோடு மண்ணையும் உறிஞ்சும். தடுப்புக்கு வெளியே நில்லுங்கள். டெலி லென்ஸ் இருப்பதே அதற்குத்தான்.

உள்ளரங்க ஷட்டில் படங்களில் கோடு கோடாக விழுகிறது. லென்ஸ் பழசு என்பதாலா? (தருமபுரி)

இல்லை. எலக்ட்ரானிக் ஷட்டரும் எல்இடி விளக்கும் மோதுகின்றன. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். மட்டை வளைந்து தெரிவதும் நேராகும்.

300 எஃப்4-உடன் இரண்டு மடங்கு பெரிதாக்கும் 2 எக்ஸ் கன்வெர்ட்டர் போடலாமா? (பென்னாகரம்)

600 எஃப்8 ஆகிவிடும், ஒளி குறையும். காலை வெயில் கிரிக்கெட்டுக்குச் சரி, மாலை நான்கு மணிக்கு மேல் கழற்றி வையுங்கள். 1.4 எக்ஸ் ஒரு ஸ்டாப்தான் (பாதி ஒளி) தின்னும், அதுவே மேல்.

தோல் உறையில் போட்டு மூன்று வருஷம் பீரோவில் வைத்த லென்ஸில் வெள்ளை நூல் மாதிரி இருக்கிறது. துடைத்தால் போகுமா? (அரூர்)

ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. உள்ளே இருக்கிறதை வெளியே துடைத்து என்ன பயன்? பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கண்ணாடி மேலுள்ள கோட்டிங்கை அரித்திருந்தால் தடம் மிஞ்சும், எதிர்வெயிலில் படம் மங்கும். தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பதே அதுதான். மூடி இறுகும் டப்பா, சிலிக்கா ஜெல், 40 முதல் 50 சதவீத ஈரப்பதம். அரிசியில் புதைக்காதீர்கள், தூசு ஏறும். அடுத்த லென்ஸ் வாங்கும்போதாவது டார்ச் கையில் இருக்கட்டும்.