மன்ற இணையத்தளத்தில் மக்கள் வழி தவறாமல் இருக்க: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து அலுவலக எழுத்தர்கள், ஆசிரியர்கள், தோட்ட மக்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் இளைஞர்கள் ஆகியோர் அனுப்பிய கேள்விகள் இவை. அரசு இணையத்தளங்களுக்குப் பக்க அடுக்கு அமைப்பது என் தொழில். பக்கத்தின் உச்சியில் 'முகப்பு › வரி › மதிப்பீட்டு வரி' என்பதுபோல் வரும் இணைப்புத் தொடரைத்தான் இங்கே 'வழித்தடம்' என்கிறேன். தொழிலில் அதற்கு பிரெட்கிரம்ப் என்று பெயர்.

மாவட்ட மன்ற எழுத்தர்: ஐயா, எங்கள் உள்ளாட்சி மன்றத்தின் தளத்தைப் புதுப்பிக்கிறோம். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மெனு வேண்டும் என்று துறைத் தலைவர்கள் கேட்கிறார்கள். அப்படியே அமைத்துவிடலாமா?

வேண்டாம். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முதல் முறையாக மதிப்பீட்டு வரிச் சீட்டு வருகிறது. வீட்டின் மதிப்பைக் கணக்கிடுவது ஒரு துறை, பணத்தை வாங்குவது வேறொரு துறை. அந்த வீட்டு அம்மாவுக்கு இந்தப் பிரிவினை எதற்கு? எவ்வளவு, எங்கே, எப்போது கட்டுவது என்பதுதான் அவருக்கு வேண்டும். பிப்ரவரி இறுதி, ஆகஸ்டு இறுதி என்ற இரண்டு கெடுவும், செலுத்தும் வழிகளும், மறுப்புத் தெரிவிக்கும் முறையும் 'வரி' என்ற தலைப்பின்கீழ் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் அங்கேயே எழுதுங்கள். சுக்காய் தக்சிரான் எனும் மதிப்பீட்டு வரியும் சுக்காய் தானா எனும் நில வரியும் ஒன்றென்று எண்ணி வருகிறவர்கள் ஏராளம். நில வரியை வாங்குவது மாநிலத்தின் நில அலுவலகம், மன்றம் அதை வாங்குவதில்லை. "இங்கே இல்லை" என்று கைவிரிக்காமல் நில அலுவலகத் தளத்துக்கு ஓர் இணைப்பைக் கொடுத்துவிடுங்கள். துறைவாரி மெனுவில் இந்தக் குறிப்பை வைப்பதற்கு இடமே கிடையாது, ஏனென்றால் அது எந்தத் துறையின் வேலையும் அல்ல.

அங்காடிக் கடை உரிமமும் இப்படித்தான். உரிமம் தருவது மன்றம். உணவு கையாள்வோருக்கான பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் சுகாதார அமைச்சின் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்கீழ் வருபவை. நாசி லெமாக் விற்கப் போகிறவருக்கு இவையெல்லாம் சேர்ந்து ஒரே வேலைதான். அந்த வேலையின் பெயரே தலைப்பாக இருக்கட்டும்.

பிரிட்டன் 2012 அக்டோபரில் டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு தளங்களுக்குப் பதிலாக கவ்.யுகே தளத்தைத் தொடங்கியபோது இந்த வழியில்தான் சென்றது. அமைச்சுகளுக்கு அங்கேயும் பக்கங்கள் உண்டு. ஆனால் வாகன வரி கட்ட வருகிறவர் அமைச்சின் பெயரைத் தெரிந்துகொண்டு வரத் தேவையில்லை. உங்கள் துறைத் தலைவர்களுக்கு 'மன்றத்தைப் பற்றி' என்ற பகுதியில் நல்ல இடம் கொடுங்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு, அலுவலரைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: நான் எந்தப் பக்கங்கள் வழியாக வந்தேனோ அதைத்தானே வழித்தடம் காட்ட வேண்டும்? சில தளங்களில் நான் பார்க்காத பக்கத்தின் பெயர் வருகிறதே?

அந்தத் தளங்கள் சரியாகத்தான் செய்கின்றன, ஆசிரியை. வந்த வழியைத் திரும்பிப் பார்க்க உலாவியிலேயே பொத்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் தளத்தில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று சொல்வதே வழித்தடத்தின் வேலை. நம் ஊரில் எத்தனை பேர் முகப்பு வழியாக நுழைகிறார்கள்? கோயில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு நேராக நடுப்பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு 'வந்த வழி' என்று ஒன்றே இல்லை. மேலே 'உரிமங்கள்' என்ற சொல் தெரிந்தால் அதைத் தொட்டு மற்ற உரிமங்களையும் பார்த்துக்கொள்வார்கள்.

தள நிர்வாகி: உணவுக் கடை உரிமம் 'வணிகம்', 'சுகாதாரம்' ஆகிய இரண்டுக்கும் பொருந்துகிறது. இரண்டிலும் வைக்கலாமா?

தாய்ப் பக்கம், அதாவது அதற்கு மேலடுக்கில் உள்ள பக்கம், ஒன்றே இருக்கட்டும், மற்றதிலிருந்து இணைப்பு மட்டும் கொடுங்கள். தளம் நடத்தும் மென்பொருளான ஜூம்லாவில் ஒரே கட்டுரைக்கு இரண்டு மெனு உருப்படிகள் வைத்தால் இரண்டு முகவரிகளும் இரண்டு வழித்தடங்களும் உருவாகிவிடும். கணவன் ஒன்றையும் மனைவி மற்றொன்றையும் பார்த்துவிட்டு, இரண்டும் வெவ்வேறு உரிமமோ என்று மன்ற அலுவலக முகப்பிடத்தில் வந்து கேட்பார்கள்.

அதே நிர்வாகி: மூன்று சொடுக்குக்குள் எல்லாம் கிடைக்க வேண்டும் என்பது விதியா?

விதி அல்ல. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தால் நான்காவது சொடுக்குக்கும் மக்கள் சலிப்பதில்லை. ஆனாலும் செம்பனைத் தோட்டத்துக்குள் அலைவரிசை நலிந்த கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமும் காத்திருப்புதான். ஆகவே காரணமில்லாமல் ஓர் அடுக்கைக்கூடச் சேர்க்காதீர்கள்.

கல்லூரி மாணவர்: கடைசியில் நடப்புப் பக்கத்தின் பெயரும் வர வேண்டுமா? பார்வையற்றவர்களுக்கு இது எப்படிக் கேட்கும்?

தம்பி, கவ்.யுகே தாய்ப் பகுதியோடு நிறுத்திவிடுகிறது. அமெரிக்க அரசின் வடிவமைப்பு முறை நடப்புப் பக்கத்தையும் காட்டுகிறது, ஆனால் அதற்கு இணைப்புத் தருவதில்லை. எதையும் பின்பற்றலாம், பக்கத்துக்குத் தன்னையே இணைப்பாகக் கொடுப்பதை மட்டும் தவிருங்கள்.

திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்கு உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானுக்காகத் தொடரை வரிசைப் பட்டியலாக அமைத்து, பக்கத்தின் நிரலில் வழிசெலுத்தும் பகுதியைக் குறிக்கும் 'நேவ்' குறிக்குள் வைத்து, அதற்குப் பக்கத்தின் மொழியிலேயே பெயரிடுங்கள். இடையில் வரும் அம்புக்குறியை வாசிப்பான் ஒவ்வொரு முறையும் உச்சரிக்காதபடி அலங்காரமாக மட்டும் சேருங்கள். தமிழ்ப் பக்கத்தில் மலாய்ப் பெயர் வந்தால் அந்தச் சொல் எந்த மொழி என்று வாசிப்பானுக்குச் சொல்லும் மொழிக் குறியும் தேவை.

இளைஞர் மன்றச் செயலாளர்: எங்கள் தளத்தில் ஏழெட்டுப் பக்கங்கள்தான். வழித்தடம் வேண்டுமா?

வேண்டாம். நல்ல மெனு போதும்.

மன்ற எழுத்தர், மீண்டும்: பக்கங்களை இடம் மாற்றினால் பழைய இணைப்புகள் என்னவாகும்?

இதைக் கேட்டதற்கு நன்றி, பலர் மறந்துவிடுவது இதைத்தான். வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் தாய்ப் பக்கத்தை மாற்றினால் முகவரியும் மாறிவிடும். தளம் தானாகத் திருப்பிவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். பழைய முகவரி, புதிய முகவரி என்று அட்டவணை போட்டு ஒவ்வொன்றுக்கும் 301 என்ற நிரந்தரத் திருப்பத்தை அமையுங்கள். அறிவிப்புப் பலகைகளிலும் வரிச் சீட்டிலும் அச்சிட்ட கியூஆர் குறிகளை முதலில் சோதியுங்கள், அச்சிட்டதை யாராலும் திருத்த முடியாது.

விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் இளைஞர்: அண்ணா, மன்றத் தளத்தில் பாதிக்கு மேல் வருடிய (ஸ்கேன் செய்த) பிடிஎஃப் கோப்புகளாகவே இருக்கின்றன. கூகுளிலிருந்து நேராக அதைத் திறந்தால் எந்த வழித்தடமும் இல்லையே?

உண்மைதான். வருடிய கோப்பில் தேடவும் முடியாது, திரைவாசிப்பானும் அதைப் படிக்காது. விளக்கம், கட்டணம், தேவையான ஆவணங்கள் ஆகியவற்றைச் சாதாரணப் பக்கமாக எழுதி, படிவத்தை மட்டும் கோப்பாக இணைக்கச் சொல்லுங்கள். படிவத்தின் தலைப்பில் அந்தப் பக்கத்தின் முகவரியையும் அச்சிடலாம். மன்றத்துக்கு எழுதும்போது 'பிடிஎஃப் வேண்டாம்' என்று பொதுவாகச் சொல்லாமல், மக்கள் உங்களிடம் அதிகம் கேட்கும் படிவங்களின் பெயர்களைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும்.