சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு மூன்று டிரெய்லர்களைக் கோர்த்து இழுக்க முடியுமா? குமரி மாவட்டச் சாலைகளுக்கு ஒத்துவருமா?

இரண்டு வரை முடியும். மூன்றாவதைக் கோர்க்காதீர்கள். இரண்டும்கூட நம் மாவட்டத்தின் கிழக்குப் பாதிக்குத்தான் சரிப்படும். பூதப்பாண்டிப் பக்கமிருந்து வாழைக்குலையும் காய்கறியும் ஏற்றி வடசேரி கனகமூலம் சந்தைக்கும் வழியிலுள்ள கடைகளுக்கும் போடுவதாகத் திட்டம் என்று விவரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இறச்சகுளம், புத்தேரி வழியாக வயலும் குளமுமாகக் கிடக்கும் அந்தச் சாலை இதற்கு ஏற்றதுதான். இதையே ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும் மேற்குப் பக்கத்தில், குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு என்று கேட்டிருந்தால் ஒரு டிரெய்லரோடு நிறுத்துங்கள் என்றிருப்பேன்.

இரணியல் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட்டு வருகிறவர்களுக்குச் சைக்கிள் டிரெய்லரும் செய்துகொடுக்கிறேன். வருகிற எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு கிலோ இழுக்கும்?" என்றுதான். இழுப்பதைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். ஆள், சைக்கிள், இரண்டு டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வையுங்கள். நல்ல தார்ச்சாலையில், காற்று எதிர்க்காத சமதளத்தில், மணிக்கு 12 கிலோமீட்டரில் போக 80, 90 வாட் போதும். பழகிய கால் அதை மணிக்கணக்கில் தரும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் ஏற்றம் வந்தால் கதை மாறும். அதே உழைப்புக்கு மணிக்கு 3 கிலோமீட்டர்கூடக் கிடைக்காது. அது நடப்பதைவிட மெதுவு, சைக்கிள் நேராகவும் நிற்காது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். கஷ்டம்தான், ஆனால் ஆபத்து இல்லை.

ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. என்னிடம் டிரெய்லர் வாங்கிய ஒருவர் கருங்கல் பக்கம் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிப் போகிறவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஏத்தத்துல எறங்கித் தள்ளிரலாம் அண்ணாச்சி, எறக்கத்துல இவன் நம்மளல்லா தள்ளுகான்!" முழு விஷயமும் அதில் அடங்கிவிட்டது. மணிக்கு 15 கிலோமீட்டரில் வருகிறீர்கள், குறுக்கே ஒரு ஆடு ஓடுகிறது, நாலரை மீட்டருக்குள் நிறுத்த வேண்டும். பின்னாலுள்ள டிரெய்லர்களும் சரக்கும் 115 கிலோ என்றால், அவை உங்கள் பின்சக்கர ஆக்சிலை சுமார் 23 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். நேராகப் போகும்போது தாங்கிவிடலாம். வளைவில், டிரெய்லர் சைக்கிளுக்கு முப்பது டிகிரி சாய்வாக நிற்கும் நேரத்தில், அதில் பாதி விசை பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் உதைக்கும். முன்பிரேக்கையும் அழுத்திப் பிடித்திருப்பீர்கள், அதனால் பின்சக்கரத்தில் பாரம் ஏற்கெனவே குறைந்திருக்கும். சக்கரம் வழுக்கும், சைக்கிள் மடங்கும். நம் ஊருக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. இரும்பு ரிம்மும் ராடு பிரேக்கும் உள்ள பழைய சைக்கிள் ஈரத்தில் எவ்வளவு நிற்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே இரண்டாவது டிரெய்லர் கோர்ப்பதென்றால் முதல் செலவு பிரேக்குக்கு. ஹேண்டில்பாரில் இன்னொரு லீவர் வைத்துக் கேபிளைப் பின்னால்வரை இழுப்பது முதல் டிரெய்லருக்குச் சரி, இரண்டு இணைப்பைத் தாண்டினால் கேபிள் இறுகிக்கொள்ளும். பின்னதற்கு ஏர்க்காலையே, அதாவது வண்டியை இழுக்கும் முன்தண்டையே, இரண்டு துண்டாக்கி, ஒரு பைப்புக்குள் இன்னொன்று நகரும்படி, நடுவில் ஸ்பிரிங் வைத்துச் செய்வதுதான் நல்லது. முன்வண்டி வேகம் குறைந்ததும் பின்வண்டி முட்டும், உள்பைப் நகரும், அந்த நகர்வே கேபிளை இழுத்துப் பிரேக்கைப் பிடிக்கும். கனமாக முட்டினால் கனமாகவே பிடிக்கும், ஓட்டுகிறவர் எதையும் செய்ய வேண்டாம். வெளிநாட்டில் விற்கும் சில பெரிய சைக்கிள் டிரெய்லர்களிலும் இதே ஏற்பாடுதான். இங்கே பட்டறையில் செய்யக்கூடியதுதான். ஆனால் உள்பைப்புக்குக் கிரீஸ் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடற்காற்றில் துரு ஏறிப் பிடித்துக்கொண்டால் பிரேக் இல்லாத மாதிரிதான்.

அடுத்தது கோர்க்கும் இடம். இதைத்தான் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. டிரெய்லர் எப்போதும் சைக்கிளைவிட உள்வாங்கித் திரும்பும். இணைப்பிலிருந்து டிரெய்லர் ஆக்சில் வரை 1.2 மீட்டர் என்று வைத்து, மூன்று மீட்டர் ஆரமுள்ள வளைவில் சுற்றிக்கொண்டே இருந்தால் முதல் டிரெய்லர் 25 சென்டிமீட்டர் உள்ளே வரும். அதன் ஆக்சிலிலேயே இரண்டாவதைக் கோர்த்தால் அது 53 சென்டிமீட்டர் உள்ளே, மூன்றாவது 84. சந்து முக்கில் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள், கடைசி வண்டி ஓடைக்குள் இறங்கும்.

இதற்கு வழி உண்டு. முதல் டிரெய்லரின் ஆக்சிலுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளிக் கொக்கி வைக்கிறீர்களோ, அந்தக் கொக்கியிலிருந்து அதே அளவு தூரத்தில் இரண்டாவதன் ஆக்சில் இருந்தால், இரண்டாவது முதலாவதன் தடத்திலேயே வரும். நான் வைப்பது 80 சென்டிமீட்டர், 80 சென்டிமீட்டர். சரக்கு வைக்கும் தட்டு 1.2 மீட்டர் நீளம், ஆக்சில் நடுவில். தட்டுக்கு வெளியே முதலாவதன் பின்னாலும் இரண்டாவதன் முன்னாலும் 20 சென்டிமீட்டர் நீட்டி நடுவில் இணைப்பு. அகலம் 60 சென்டிமீட்டர் இருந்தால் சுமார் 65 டிகிரி வரை மடங்கினாலும் மூலையும் மூலையும் இடிக்காது.

இதில் ஒரு கெடுதலும் சேர்ந்தே வருகிறது. கொக்கியை ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளத் தள்ள, திருப்பத்தில் ஒழுங்காக வருகிற அதே வண்டி வேகத்தில் வாலாட்டும். முன்னால் ஒரு குழியை விலக்க ஹேண்டிலை ஒரு சின்ன வெட்டு வெட்டினால், முதல் டிரெய்லர் அதைவிடப் பெரிதாக ஆடும், இரண்டாவது அதையும்விடப் பெரிதாக. மூன்றாவது வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொன்னது இதனால்தான். இரண்டுக்கே மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது.

பாரம் வைப்பதும் இதோடு சேர்ந்தது. மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்களே, அதே கணக்குதான் இங்கேயும். பின்பாரம் விழுந்தால் வண்டி அலையும், ஆகவே சரக்கு ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். இரண்டு வண்டி என்றால் இன்னொரு நுணுக்கம் உண்டு. இரண்டாவதன் முன்பாரம் முதலாவதன் வாலில் போய் உட்காருகிறது. அங்கே நாலு கிலோ அழுத்தினால், முன்னால் சைக்கிளில் விழவேண்டிய பாரத்தில் கிட்டத்தட்ட இரண்டேமுக்கால் கிலோ குறைந்துவிடும். தனியாகப் போனபோது சரியாக இருந்த முதல் டிரெய்லர், இரண்டாவதை மாட்டியதும் பின்பார வண்டியாகிவிடும். மாட்டிய பிறகு ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பாருங்கள். கனம் கைக்குத் தெரிய வேண்டும். ஏத்தன் வாழைக்குலைகளை முதலாவதில் முன்தள்ளி அடுக்குங்கள், கீரையும் வெண்டைக்காயும் இரண்டாவதுக்குப் போகட்டும். கனத்தது முன்வண்டியில்தான் இருக்க வேண்டும், இதை எக்காரணத்துக்கும் மாற்றாதீர்கள்.

சைக்கிளோடு இணைப்பது பின்சக்கர ஆக்சில் உயரத்தில்தான். சீட்டுக்குக் கீழே மாட்டித் தரச் சொல்கிறார்கள், நான் செய்வதில்லை. பிரேக் பிடிக்கும்போது உயரத்திலிருந்து தள்ளினால் பின்சக்கரம் இன்னும் லேசாகிவிடும். இணைப்பு மேலும் கீழும், இடமும் வலமும் மடங்கினால் போதாது. சைக்கிள் சாயும், டிரெய்லர் சாயாது, அதனால் முறுக்கும் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு நைலான் பட்டை, இணைப்பு உடைந்தாலும் வண்டி தனியே ஓடாமல் இருக்க. சக்கரம் 20 இஞ்ச், ஸ்போக் நெருக்கமாக, ஆக்சிலை இரண்டு பக்கமும் தாங்கும்படி. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் சைக்கிள் ஆக்சில் வளைந்துவிடும்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை, தென்மேற்குப் பருவத்தில் தோவாளைச் சுற்றுவட்டாரம் முழுக்க அந்தக் காற்று அடிக்கும். தகரப் பெட்டி மாதிரி மூடிய டிரெய்லர் அங்கே பாய்மரம்தான். கம்பி வலைப் பக்கமே போதும்.

சாதாரண சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருக்கும். ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர் போகும். பாரத்தோடு கிளப்பும்போது அது முழங்காலைத் தின்னும். கியர் சைக்கிளில் 28க்கு 28 கிடைத்தால் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான், கால் தப்பிக்கும். மோட்டார் வைக்கும் எண்ணம் இருந்தால், அது அரைமணிநேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கும் உட்பட்டிருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. ஆனால் மோட்டார் ஏற்றத்துக்குத்தான் உதவும், இறக்கத்துக்கு இல்லை.

உண்மையில் உங்களுக்கு இரண்டு வேண்டுமா என்றும் யோசியுங்கள். அமெரிக்காவில் ஏம்ஸ் நகரத்துப் பைக்ஸ் அட் ஒர்க் நிறுவனம் எட்டடி நீள ஒற்றை டிரெய்லரே செய்கிறது, 136 கிலோ ஏற்றலாம். ஒரே இடத்துக்கு ஒரே சரக்கு என்றால் நீளமான ஒற்றை வண்டிதான் மேல், வாலாட்டும் தொல்லை இருக்காது. பாதி வழியில் ஒரு கடையில் ஒரு வண்டியைச் சரக்கோடு கழற்றி விட்டுவிட்டு, திரும்பும்போது காலியாக மாட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் இரண்டு வண்டிக்கு அர்த்தம் உண்டு. சந்தைக்குள் பின்னால் எடுக்கவே முடியாது என்பதால் எப்படியும் கழற்றத்தான் வேண்டியிருக்கும். எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளம்.

செய்து முடித்ததும் குலை ஏற்றாதீர்கள், மணல்மூட்டை ஏற்றுங்கள். காலியான மைதானத்தில் நடக்கிற வேகத்தில் ஒரு வளைவு எடுத்து, வளைவுக்குள்ளேயே பிரேக் பிடித்துப் பாருங்கள், பிறகு கொஞ்சம் வேகம் கூட்டி மறுபடியும். பின்சக்கரம் பக்கவாட்டில் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் இரண்டாவது வண்டியில் பாரத்தைக் குறைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். நனைந்த தரையிலும் இதைச் செய்து பார்த்துவிட்டுச் சாலையில் இறக்குங்கள்.