பிளான் கூட்டாம நெட்டை ஒழுங்கு பண்றது எப்படி: கேளுங்க, சொல்றேன்

வேலந்தாவளம் அக்கா: கடைல நூறு எம்பி லைன் இருக்கு தம்பி, ஆனா பையன் போட்டோ எல்லாம் டிரைவ்ல ஏத்துனா என் வீடியோ கால் திக்குது. பிளான் கூட்டணுமா?

கூட்டாதீங்கக்கா, காசு தண்டம். அப்லோட் நிரம்புனதும் மோடம் பாக்கெட்டை (டேட்டா துண்டுகளை) எல்லாம் பஃபர்ங்கற பெரிய காத்திருப்பு இடத்துல அடுக்கிக்கிட்டே போகுது, உங்க குரல் அதுக்குப் பின்னாடி நிக்குது, இதுக்குப் பேருதான் பஃபர்பிளோட். 2017ல ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்ன வாளையாறு செக்போஸ்ட்ல லாரி வரிசை நிக்குமே, அதுக்குள்ள ஆம்புலன்ஸ் மாட்டுன கதைதான். போட்டோ ஏறும்போதே பிங் (ஒரு சின்னத் தகவல் போய்த் திரும்ப எவ்ளோ நேரம்னு அளக்கறது) போட்டுப் பாருங்க, சும்மா இருக்கும்போது 15 மில்லிசெகண்ட் காட்டுனது 300, 400ன்னு எகிறுச்சுன்னா இதேதான்.

குமுளி ஹோம்ஸ்டே தம்பி: அண்ணா, அப்ப ரவுட்டர்ல என்ன செட்டிங் வைக்கணும்?

ஓப்பன்டபிள்யூஆர்டிங்கற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர் ஏறுற ரவுட்டரா இருந்தா, எஸ்க்யூஎம்ங்கற வரிசையை ஒழுங்குபடுத்தற வசதியைப் போட்டு அதுல கேக்ங்கற முறையைத் தேர்ந்தெடு, அப்லோட் டவுன்லோட் ரெண்டையும் டெஸ்ட்ல வர்ற ஸ்பீடுல 85, 90 சதவீதமா வை. ஏன் கொறைக்கணும்னா, வரிசை மோடத்துல நின்னா நம்ம கைல ஒண்ணும் இல்ல, நம்ம ரவுட்டர்ல நின்னாத்தான் யாரை முன்ன விடறதுன்னு நாம சொல்ல முடியும், இதைப் புரிஞ்சுக்காம என்ன முன்னுரிமை வெச்சாலும் வேலைக்காகாது. கேக்ல ஆளுக்கு ஆள் பிரிச்சுக் கொடுக்கற வசதியும் இருக்கு, ஒரு கெஸ்ட் டோரன்ட் போட்டா மத்த ரூம் சாகாது. பழைய சின்ன ரவுட்டர்னா சிபியூ திணறும், பாத்துக்க.

நகரி சார்: ஐபி போன்ல டிஎஸ்சிபி 46 (பேச்சு பாக்கெட்டை முன்ன விடுன்னு சொல்ற குறி) வெச்சிருக்கேன், போதுமா?

உங்க ஆபீஸுக்குள்ள சரிங்க சார், வெளிய போனா நெட் கம்பெனிக்காரன் பெரும்பாலும் அதை மதிக்க மாட்டான், அழிச்சும் விடுவான். வைஃபைலயும் ஒரு சிக்கல் இருக்கு, நெறைய ஆக்சஸ் பாயிண்ட் அந்தக் குறியோட முதல் மூணு பிட்டை மட்டும் பாத்துட்டு 46ஐ வீடியோ வரிசைல தள்ளிடும், வாய்ஸ் வரிசைக்கு மாத்த வழி இருந்தா மாத்திடுங்க.

கம்பம் நண்பர்: யூடியூபுக்கும் முன்னுரிமை கொடுக்கலாமா?

வேணாங்க. அது முன்கூட்டியே இழுத்து வெச்சுக்கும், கொஞ்சம் லேட்டானா உங்களுக்குத் தெரியவே தெரியாது. போன் பேச்சுக்குத் தேவை ஒரு பக்கத்துக்கு நூறு கேபிபிஎஸ்கூட இல்ல, ஆனா 150 மில்லிசெகண்டுக்குள்ள அந்தப் பக்கம் போய்ச் சேரணும். அதனால போன் பேச்சை முதல்ல போக விடுங்க.